முதலில் பிரிவு, அப்புறம் ஓட்டம்: நெல்லைச் சீமையில் பாரா தடகளம் தொடங்குவோருக்கு

14.21 விநாடி. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியாவின் பிரீத்தி பால் 100 மீட்டரில் வெண்கலம் வாங்கிய நேரம் இது. நம் மாநிலப் பள்ளிப் போட்டியில் ஒரு பெண் இதே நேரத்தில் ஓடினால் பதக்கத்தின் பக்கம்கூடப் போக முடியாது. ஆனால் பிரீத்தி ஓடியது டி-35 பிரிவில். பெருமூளை வாதத்தால் கால்களில் இறுக்கமும் ஒத்திசைவுக் குறையும் அதிகம் உள்ளவர்களுக்கான பிரிவு அது. பாரா தடகளத்தில், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தடகளத்தில், நேரத்துக்கும் தூரத்துக்கும் தனியாக மதிப்பு கிடையாது. எந்தப் பிரிவில் என்று சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு.

இது தெரியாமல் இரண்டு மூன்று வருஷம் பயிற்சி கொடுத்துவிட்டு, தேசியப் போட்டிக்குப் போன இடத்தில் "தகுதி இல்லை" என்று கேட்டுத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. ஆகவே ஓட்டத்துக்கு முன்னால் பிரிவைப் பேசிவிடுவோம். பெற்றோருக்கும் பள்ளி பி.இ.டி. மாஸ்டர்களுக்கும் எழுதுவது இது. பிள்ளைகள் படித்தால் இன்னும் நல்லது.

40 சதவீதம் வேறு, பிரிவு வேறு

கையில் மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் பாரா வீரர் ஆகிவிடலாம் என்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறான எண்ணம். அந்த அட்டை அரசுச் சலுகைக்கானது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதம் இருந்தால் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். பாரா விளையாட்டு ஏற்பதோ 10 வகைக் குறைபாடுகளை மட்டும். அதிலும் ஒவ்வொன்றுக்கும் "குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும்" என்று தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சதவீதத்தை அங்கே யாரும் கேட்பதில்லை.

பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியும் உண்டு, பார்வையற்றோர் பள்ளியும் உண்டு; இரண்டிலும் நன்றாக ஓடும் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் காது கேளாமை பாராலிம்பிக் கணக்கில் வராது. அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் என்று தனிப் பாதை, தனிச் சங்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பாரா தேர்வுக்கு அழைத்துப் போய் ஒரு வருஷத்தை வீணாக்காதீர்கள்.

ஓட்டத்திலும் தாண்டுதலிலும் பிரிவு எண்ணுக்கு முன்னால் 'டி' வரும். 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 20 அறிவுசார் குறைபாடு. 35 முதல் 38 வரை பெருமூளை வாதமும் அது போன்றவையும் கொண்டு, நின்று ஓடுபவர்கள். 40, 41 குள்ள உருவத்தினர். 42 முதல் 44 வரை காலில் குறை, ஆனால் செயற்கைக்கால் போடாமல் ஓடுபவர்கள். 45 முதல் 47 வரை கையில் குறை. 51 முதல் 54 வரை சக்கர நாற்காலி. 61 முதல் 64 வரை செயற்கைக்காலோடு ஓடுபவர்கள். பார்வை, பெருமூளை வாதம் ஆகிய வரிசைகளில் எண் ஏற ஏறக் குறை குறைவு.

எங்கே சறுக்கும் என்று பார்ப்போம். ஒரு கண்ணில் மட்டும் பார்வை இல்லாத பிள்ளை தகுதி பெறாது. கண்ணாடி போட்ட பிறகு நல்ல கண்ணின் பார்வை 6/60 அல்லது அதைவிட மோசமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பார்வைப் புலம் 40 பாகைக்கும் குறைவாகச் சுருங்கியிருக்க வேண்டும். கையில் ஒன்றிரண்டு விரல் இல்லாதது டி-47க்குப் போதாது. ஒரு கால் குட்டை என்றால் வித்தியாசம் குறைந்தது 7 சென்டிமீட்டர். 4 சென்டிமீட்டர் வித்தியாசத்தில் பிள்ளை நன்றாகவே நொண்டும், ஆனாலும் தகுதி வராது. வளைபாதத்தோடு பிறந்து அறுவை செய்து கணுக்கால் அசையாமல் போன பிள்ளைகள் பலரை யாரும் பாரா வீரராகவே நினைப்பதில்லை; அவர்களைக் கட்டாயம் டி-44க்குக் காட்டிப் பாருங்கள். பைக் விபத்தில் தோள்பட்டை நரம்பு அறுந்து ஒரு கை முழுக்கச் செயலிழந்த இளைஞர்களும் அப்படியே. அவர்கள் போக வேண்டியது கைப் பிரிவுக்கு.

டி-20க்கு ஐ.க்யூ. 75 அல்லது அதற்குக் கீழ், அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் தெளிவான பின்னடைவு, இரண்டும் வளரும் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். பள்ளிப் பதிவேடு, உளவியலாளர் அறிக்கை என்று காகிதம் அதிகம் கேட்கும் பிரிவு இதுதான். சிறு வயதிலேயே சேர்த்து வையுங்கள்.

பிரிவு தெரிந்தவுடன் எந்தப் போட்டிக்கு என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் எல்லாப் பிரிவுக்கும் எல்லாப் போட்டியும் பாராலிம்பிக்கில் கிடையாது. டி-20 பிள்ளை 100 மீட்டரில் மின்னலாகப் பறக்கலாம், ஆனால் அங்கே அந்தப் பிரிவுக்கு இருப்பது 400, 1500, நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். தெலங்கானாவின் தீப்தி ஜீவன்ஜி பாரிஸில் வெண்கலம் வாங்கியது டி-20 400 மீட்டரில், 55.82 விநாடியில். டி-35க்கு நீளம் தாண்டுதல் இல்லை. 100, 200 உண்டு. டி-47, டி-64 பிள்ளைக்கு 100ம் உண்டு, தாண்டுதலும் உண்டு. தமிழ்நாட்டின் தர்மராஜ் சோலைராஜ் ஹாங்ஜௌ ஆசியப் பாரா போட்டியில் டி-64 நீளம் தாண்டுதலில் தங்கம் வாங்கியது 6.80 மீட்டருக்கு. நம் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்க இந்த மாதிரி எண்களைச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஊர்ப் போட்டிக் கோப்பைகள் அதைச் சொல்லாது.

காகித வேலை

மாற்றுத்திறனாளி அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும். இதில் சிக்கல் வந்தால் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைப் பாருங்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம்.

அதைவிடப் பெரிய தலைவலி பெயர். ஆதாரில் "மு. இசக்கியம்மாள்", பிறப்புச் சான்றில் "இசக்கியம்மாள்", பள்ளிச் சான்றில் இன்ஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக. உள்ளூரில் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் பெயர் அனுப்பும்போதுதான் வெடிக்கும். முதல் மாநிலப் போட்டிக்கு முன்பே எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. தேசியப் பதக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மருத்துவக் கோப்பு ஒன்று தனியாக: அறுவை அறிக்கை, எக்ஸ்ரே, நரம்புச் சோதனை, பெருமூளை வாதம் என்றால் நரம்பியல் மருத்துவரின் குறிப்பு, கண் என்றால் பார்வைப் புலச் சோதனை. சர்வதேச வகைப்பாட்டுக்கு (பிள்ளை எந்தப் பிரிவு என்று சோதித்து முடிவு செய்வதற்கு) ஒரு மருத்துவப் படிவத்தை ஆங்கிலத்தில், மருத்துவர் கையெழுத்தோடு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். "ஊனம் உண்டு" என்று ஒற்றை வரி எழுதினால் செல்லாது. நோயின் பெயர், எப்போதிலிருந்து, எந்தத் தசை எவ்வளவு பலம் என்று இருக்க வேண்டும்.

வகைப்பாட்டு நாளில் மருத்துவரும் தொழில்நுட்ப வல்லுநரும் சேர்ந்து பார்ப்பார்கள். தசைப் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானியால் அளவு, பிறகு ஓடச் சொல்லி, தாண்டச் சொல்லி, போட்டியிலும் கவனித்து முடிவு செய்வார்கள். அரைக்கால் சட்டை, ஓடும் ஷூ, போடும் செயற்கைக்கால், மருந்துப் பட்டியல் எல்லாம் கையில் இருக்க வேண்டும். "கொஞ்சம் அதிகமாக நொண்டிக் காட்டு" என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். வேண்டுமென்றே ஏமாற்றினால் வருஷக்கணக்கில் தடை, அதோடு வகைப்பாட்டாளர்கள் இதைத் தினமும் பார்ப்பவர்கள். நாற்காலியிலிருந்து எழும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முடிவில் பிரிவோடு ஒரு நிலையும் தருவார்கள்: புதியவர், மறுபரிசீலனைக்கு உரியவர், உறுதி செய்யப்பட்டவர். வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மறுபரிசீலனைதான் கிடைக்கும். இடையில் தசைநாண் அறுவை மாதிரி ஏதாவது செய்தால் அதைத் தெரிவிக்க வேண்டும், பிரிவு மாறலாம்.

மைதானமும் மணலும் காற்றும்

கிராமத்திலிருந்து பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்துக்கு வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் போதும், மீதி நாள் ஊரிலேயே செய்யலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை. அட்டையின் நகல் பையிலேயே கிடக்கட்டும்.

பள்ளியில் தாண்டுகுழி இருந்தாலும் மணல் பெரும்பாலும் பாறையாக இறுகிக் கிடக்கும். இறுகிய மணலில் குதித்தால் முதுகும் குதிகாலும் போகும், குறிப்பாக ஒரு காலில் பாரம் தாங்குபவர்களுக்கு. ஒவ்வொரு முறையும் மண்வெட்டியால் ஒரு முழ ஆழம் கொத்தி, கல்லும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கி, லேசாக நனைத்து, எழும்பும் பலகையின் மட்டத்துக்குச் சமன் செய்யுங்கள். குழி 2.75 மீட்டர் அகலம் வேண்டும். தேரிக்காட்டுச் செம்மண் தூசியாகப் பறக்கும், நனைந்து காய்ந்தால் இறுகும், குழிக்கு ஆகாது. சலித்த பருமணல்தான் சரி. தாமிரபரணியில் போய் அள்ளாதீர்கள். பஞ்சாயத்து வழியாக முறையாகக் கேளுங்கள்.

திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளைகள் தேரி மணலில் ஓடிப் பழகுவது உண்டு. கைப் பிரிவு, பார்வைப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் 30 மீட்டர் ஓட்டம் அங்கே நல்லதுதான். பெருமூளை வாதப் பிள்ளைக்கும் செயற்கைக்கால் போட்டவருக்கும் வேண்டாம்: ஒருவருக்குக் கணுக்கால் பிரளும், இன்னொருவருக்கு மணல் சாக்கெட்டுக்குள் (மிச்சக் கால் பொருந்தும் கிண்ணத்துக்குள்) புகுந்து தோலைச் சீவிவிடும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் ஊதுகிற ஊதலில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் எந்த நேரத்தையும் நம்ப முடியாது. பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனையாக ஏற்க மாட்டார்கள். ஆடியில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடி எடுத்த நேரத்தை நோட்டில் எழுதும்போது "காற்று" என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரமாக மாற்ற 100 மீட்டரில் 0.24 விநாடி கூட்ட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும், கையில் 12.4 என்றால் 12.64 என்றே வையுங்கள்.

ஓட்டப் பயிற்சி

14 முதல் 17 வயதுப் பிள்ளைக்கு வாரம் நான்கு நாள், ஒன்றரை மணி நேரத்துக்குள். முழு வேக நாள் இரண்டு, அடுத்தடுத்து வரக் கூடாது. திங்கள்: 20 மீட்டர் 6 தடவை, 30 மீட்டர் 4 தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 முதல் 3 நிமிடம் ஓய்வு. புதன்: தாண்டுதல். வெள்ளி: 60 மீட்டர் 4 தடவை, 5 நிமிட ஓய்வோடு, பிறகு 150 மீட்டர் 2 தடவை, இடையில் 8 நிமிடமாவது. ஞாயிறு: உடல்பலம். ஓய்வைக் குறைத்து வியர்க்க வைப்பது நல்ல பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். வேகத்துக்கு அது கெடுதல்; மூச்சு அடங்காமல் ஓடும் ஐந்தாவது 30 மீட்டர் மெதுவான ஓட்டத்தைத்தான் பழக்கும்.

சித்திரை, வைகாசியில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், இல்லை மாலை ஐந்துக்கு மேல். அக்னி நட்சத்திர வெயிலில் ஓடவிட்டு வைராக்கியம் வளர்க்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 6 சமதேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மோரும் பதநீரும் அதற்கு மேல்தான்.

கைப் பிரிவு. ஒரு கை குட்டையாக இருந்தால் மேலுடல் ஒரு பக்கமாகத் திருகும், ஓட்டம் கோட்டை நோக்கிச் சாயும். கைமுண்டையும் (மிச்சமிருக்கும் கையையும்) தோளிலிருந்து முழுதாக வீசப் பழக்குங்கள். சட்டைக் கைக்குள் ஒடுக்கி வைக்கும் கூச்சம்தான் பல பிள்ளைகளின் முதல் எதிரி. ஸ்டார்ட்டிங் பிளாக்கில் முண்டுக்கு அடியில் மெத்தை வைத்த சிறு கட்டை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதன் உயரம் இரண்டு தோளும் ஒரே மட்டத்துக்கு வரும் அளவு. தச்சரிடம் சொல்லிச் செய்து, அதையே போட்டிக்கும் எடுத்துப் போங்கள். செயலிழந்த கை தொங்கி ஆடினால் பட்டையால் உடம்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

பெருமூளை வாதம். ஒரு பக்கம் பாதித்த பிள்ளையின் இரண்டு ஷூவையும் புரட்டி அடியைப் பாருங்கள். ஒன்றில் முன்விரல் ஓரம் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தால் அந்தக் கால் தரையைச் சீய்க்கிறது. முழங்கால் தூக்கும் பயிற்சியை அந்தப் பக்கத்துக்கு இரண்டு மடங்கு கொடுங்கள்; மாதம் ஒரு தடவை ஷூவைப் பாருங்கள், தேய்வு குறைகிறதா என்று அதுவே சொல்லும். சூடேற்றுதல் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, கெண்டைக்கால் இறுக்கம் அதற்குள்தான் இளகும். பிளாக்கில் உடம்பு நடுங்குகிறது என்றால் நின்றே தொடங்கட்டும், அனுமதி உண்டு. "செட்" சொன்ன பிறகு இரண்டு விநாடி அசையாமல் நிற்பதைத் தனியாகப் பழக்குங்கள். தவறான தொடக்கம் ஒன்றே ஒன்றுதான், வெளியே.

பார்வை. டி-11 பிள்ளை கண்ணை முழுக்க மறைத்து, வழிகாட்டியோடு ஓட வேண்டும். டி-12க்கு வழிகாட்டி விருப்பம். பாரிஸில் சிம்ரன் 200 மீட்டரில் 24.75 ஓடி வெண்கலம் வாங்கியது வழிகாட்டி அபய் சிங்கோடு. இருவரையும் இணைக்கும் கயிறு இழுத்தால் நீளாததாக, 30 சென்டிமீட்டருக்கு மேல் போகாததாக இருக்க வேண்டும். சட்டை எலாஸ்டிக் ஆகாது. பருத்திக் கயிறு போதும். வழிகாட்டி பிள்ளையைவிட 100 மீட்டரில் குறைந்தது ஒரு விநாடி வேகமானவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவரே மூச்சிரைத்து இழுத்துவிடுவார். பிள்ளையின் இடது கையும் வழிகாட்டியின் வலது கையும் ஒன்றாகப் போகும். உள்பக்கக் கால்களும் அப்படியே, கண்ணாடியில் பார்த்த மாதிரி. முதல் இரண்டு வாரம் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு 40 மீட்டர். கோட்டை வழிகாட்டி முதலில் தாண்டினால் தகுதி போச்சு. ஒரே வழிகாட்டியை நம்பாமல் இரண்டு பேரைப் பழக்குங்கள். அண்ணன் தம்பி, பள்ளியின் சீனியர் யாரானாலும் சரி, பரீட்சை நேரத்தில் ஒருவர் காணாமல் போவார்.

செயற்கைக்கால். அரசு கொடுக்கும் கால் நடப்பதற்கானது. அதில் மெல்லோட்டமும் உடல்பலமும் செய்யலாம், முழு வேகமும் தாண்டலும் கூடாது. ஓட்டத்துக்கான பிளேடு (வளைந்த தகடு போன்ற கால்) பல லட்சம். உடல் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற விறைப்பில் வாங்க வேண்டும். இன்னொருவர் கழற்றிப் போட்ட பிளேடை எடை பார்க்காமல் மாட்டினால் ஒன்று அமுங்கும், இல்லை உதறித் தள்ளும். வளரும் பிள்ளைக்கு உயரமும் சாக்கெட்டும் அடிக்கடி மாற்ற வேண்டிவரும். வாங்கும்போதே அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பிளேடைவிட முக்கியம் தோல். நம் ஊர் வெயிலில் லைனருக்குள் (தோலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் போடும் உறைக்குள்) வியர்வை தேங்கிச் சாக்கெட் வழுக்கும். ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் கழற்றித் துடைத்துப் போடுங்கள். கால்முண்டு நாளின் போக்கில் சுருங்கும். மாலைப் பயிற்சிக்கு ஒரு காலுறை கூடுதலாக வேண்டியிருக்கும். கழற்றிய பிறகு சிவப்பு 20 நிமிடத்தில் மறையவில்லை என்றால் அன்றைய ஓட்டம் முடிந்தது. கொப்புளத்தோடு ஓடி, புண்ணாகி, ஒரு மாதம் காலே போட முடியாமல் உட்காருவதுதான் வழக்கமான கதை. இரவில் லைனரை மென்மையான சோப்பால் கழுவி நிழலில் காய வையுங்கள்.

நீளம் தாண்டுதல்

தாண்டுதலில் பாதி ஓடிவருவதிலேயே முடிந்துவிடுகிறது. 10 அல்லது 12 எட்டில் (அடிவைப்பில்) தொடங்குங்கள்; 16 எட்டெல்லாம் பின்னால். அளக்க 50 மீட்டர் டேப், இரண்டு அடையாளக் கட்டை. பலகையில் நின்று எதிர்த்திசையில், அதாவது ஓட்டப்பாதை பக்கமாக, போட்டியில் ஓடுகிற வேகத்திலேயே ஓடச் சொல்லி, 12ஆவது எட்டு விழும் இடத்தைக் குறியுங்கள். ஐந்தாறு தடவை ஓடினால் குறிகள் ஒரு கொத்தாக விழும். அதன் நடுதான் தொடக்க இடம். அங்கிருந்து குழிப் பக்கம் ஓடவிட்டு, கால் எங்கே விழுகிறது என்று பலகை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் பலகைக்கு அப்பால் 15 சென்டிமீட்டர் தள்ளி மிதிக்கிறதா? தொடக்கத்தை அவ்வளவு பின்னால் தள்ளுங்கள், தீர்ந்தது. ஒரு தடவை மிஞ்சி, ஒரு தடவை குறைந்து வருகிறதா? தொடக்கத்தை நகர்த்திப் பயனில்லை. முதல் இரண்டு எட்டு ஒரே மாதிரி இல்லை. நடந்து வந்து ஓடத் தொடங்கும் பிள்ளைகளிடம் இது நிச்சயம். ஒரே இடத்தில், ஒரே காலை முன்வைத்து நின்று தொடங்கட்டும். எதிர்க்காற்றில் ஒரு சாண் முன்னே, பின்காற்றில் ஒரு சாண் பின்னே.

பலகையை எட்டிப் பிடிக்கப் பார்ப்பது எல்லாரும் செய்யும் பிழை. கடைசி எட்டை நீட்டினால் குதிகால் முன்னால் குத்தி வேகம் செத்துப்போகும். கடைசிக்கு முந்தின எட்டு சற்று நீளம், கடைசி எட்டு குட்டை, பாதம் முழுக்கத் தட்டையாகப் பலகையில். "ரெண்டு, ஒண்ணு" என்று தாளம் சொல்லிப் பழக்கலாம். பலகை 20 சென்டிமீட்டர் அகலம்தான். அதைக் கண்ணால் தேடினால் தலை குனியும், தலை குனிந்தால் உடம்பு குழிக்குள் கவிழும்.

முழு ஓட்டத்தோடு தாண்டுவது ஒரு நாளில் 6 முதல் 8 வரை, அதற்கு மேல் போகாதீர்கள். மீதியை 6 எட்டுக் குறுகிய ஓட்டத்தில் செய்யலாம்.

எந்தக் காலால் எழும்புவது? ஒரு பக்கம் பாதித்த பெருமூளை வாதப் பிள்ளைக்குப் பொதுவாக நல்ல காலே. கை இல்லாத பிள்ளை இறங்கும்போது ஆரோக்கியமான கைப் பக்கமாகச் சாய்ந்து எழட்டும். மணலில் உடம்பின் எந்தப் பகுதி பலகைக்கு மிகப் பக்கத்தில் பட்டதோ அங்கிருந்துதான் அளவு. பின்னால் ஊன்றிய முண்டு 30 சென்டிமீட்டரைத் தின்றுவிடும். கழன்று விழுந்த செயற்கைக்காலும் அப்படியே கணக்கில் சேரும். குதிப்பதற்கு முன் பட்டையை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

டி-11, டி-12க்குப் பலகைக்குப் பதில் 1 மீட்டர் நீளம், 1.22 மீட்டர் அகலத்தில் வெள்ளைத்தூள் தூவிய கட்டம். தூளில் பதிந்த காலடியின் நுனியிலிருந்து தூரத்தை அளப்பார்கள். கட்டத்துக்கு முன்னாலேயே எழும்பினால் கட்டத்தின் பின் ஓரத்திலிருந்து அளவு; இழப்பு பிள்ளைக்கு. மைதானக் கோடு போடும் சுண்ணாம்பைத் தூவாதீர்கள், கண்ணிலும் தோலிலும் பட்டால் எரிச்சல். சாக்குத்தூள் அல்லது டால்க் போதும். குரல் கொடுப்பவர் பாதைக்கு நேராக நின்று கைதட்டிக் கூப்பிட வேண்டும், பிள்ளை எட்டுகளைத் தானே எண்ண வேண்டும். "நில்" என்ற சொல்லை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட நொடியில் நிற்பதை மெதுவோட்டத்தில் பலமுறை பழகிய பிறகே முழு வேகம். சுற்றி நிற்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. உற்சாகம் எல்லாம் மணலில் விழுந்த பிறகு.

ஸ்பைக்ஸ் வாங்கும்போது ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, சிந்தெடிக் பாதையில் அதுதான் வரம்பு. இரண்டு பாதமும் வேறு வேறு அளவாக இருந்தால் பெரிய பாதத்துக்கு வாங்கிச் சின்னதில் பஞ்சு திணிப்பது தவறு. கால் உள்ளே நழுவும். செலவானாலும் இரண்டு ஜோடி வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் அதே குறை உள்ள இன்னொரு பிள்ளையோடு பகிர்ந்துகொள்வதும் நடக்கிற காரியம்தான்.

சாப்பாடும் மருந்தும்

உளுந்தங்களி, முட்டை, சாளை மீன், சுண்டல், கடலை. இதற்கு மேல் டப்பாப் பொடி எதுவும் இந்த வயதில் தேவையில்லை. ஜிம்மில் விற்கும் பொடியிலும், எழுத்து இல்லாத பொட்டலத்தில் வரும் நாட்டு மருந்திலும் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்டால் "தெரியாமல் சாப்பிட்டேன்" என்ற பதில் பிள்ளையைக் காப்பாற்றாது. ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600க்கு மேல் போகாமல் இருந்தால் அனுமதி. ஸ்டீராய்டு மாத்திரை போட்டிக் காலத்தில் தடை. வலிப்பு, இறுக்கம் ஆகியவற்றுக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் ஒவ்வொரு மருந்தையும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான 'நாடா'வின் பட்டியலில் சரிபார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவ விலக்கு வாங்க வேண்டும். நாமாக மருந்தை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

போட்டிகளின் ஏணி

குறுவட்டப் போட்டியில் மற்ற பிள்ளைகளோடே ஓடவிடுங்கள்; ஆள் கூட்டத்துக்கும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் அங்கேதான் பழக முடியும். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் போட்டி உண்டு, ஆனால் அங்கே கை கால், பார்வை என்று பெரும் பிரிவாகத்தான் பிரிக்கிறார்கள். அங்கே தங்கம் வாங்கியவர் தேசியத்தில் எட்டாவது வருவதும், அங்கே நாலாவது வந்தவர் தன் பிரிவில் பதக்கம் வாங்குவதும் சாதாரணம். உண்மையான அளவு மாநிலப் பாரா போட்டியிலிருந்து தொடங்கும். அங்கிருந்து இந்தியப் பாராலிம்பிக் குழுவின் தேசியப் போட்டி. ஜூனியர், சப்-ஜூனியர் போட்டிகளைத் தவறவிடாதீர்கள். கேலோ இந்தியா பாரா போட்டி 2023 டிசம்பரில் தில்லியில் முதல்முறை நடந்தது, 2025 மார்ச்சில் இரண்டாவது.

போட்டி நாளில் மூன்று மணி நேரத்துக்கு முன் நாலைந்து இட்லி, பிறகு ஒரு வாழைப்பழம். புதிதாக எதையும் சாப்பிட வேண்டாம், புது ஷூவும் வேண்டாம். 100 மீட்டரும் தாண்டுதலும் ஒரே நேரத்தில் வந்து மோதினால் தாண்டுதல் நடுவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தச் சுற்றில் முன்பின் மாற்றித் தாண்ட விட முடியும். சொல்லாமல் ஓடப் போனால் அந்த வாய்ப்பு போனது போனதுதான். முதல் மூன்று வாய்ப்பில் ஒன்றாவது பாதுகாப்பாகப் பதிவாக வேண்டும். எட்டுப் பேருக்குள் வந்தால்தான் இன்னும் மூன்று.

மாநில அளவில் பதக்கம் வரத் தொடங்கினால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித் திட்டங்களையும் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையையும் பாருங்கள். பிளேடு, பயணம், போட்டிச் செலவு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக, விலைப்பட்டியலோடு கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். "உதவி வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்டால் கோப்பு தூங்கும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அதற்குச் சான்றிதழில் போட்டியின் பெயர், பிரிவு எண், இடம், நேரம் அல்லது தூரம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். டி-47 என்பதை டி-46 என்று அடித்துக் கொடுப்பதும், பெயரில் ஒரு எழுத்து விடுபடுவதும் அடிக்கடி நடக்கிறது. மேடையிலிருந்து இறங்கியவுடன் படித்துப் பாருங்கள், பிழை இருந்தால் அலுவலர்கள் பெட்டியைக் கட்டும் முன்பே திருத்தி வாங்குங்கள். ஊருக்கு வந்து தபாலில் அனுப்பினால் அது திரும்பி வர அடுத்த வருஷப் போட்டியே வந்துவிடும்.